மூணு நாளைக்கு முன்னாலயே தெரியும் சார்

"சார், ஒங்களுக்கு அடிதடி நடந்த பெறவுதான் தெரியும். எங்களுக்கு மூணு நாளைக்கு முன்னாலயே தெரியும்."

2023 செப்டம்பரில் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பையன் என்னிடம் சொன்னது இது. பள்ளி விட்டு சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். சண்டைக்காக அவன் மேல் அதற்கு முன்பே இரண்டு முறை நடவடிக்கை எடுத்திருந்தோம். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னோம், எழுதி வாங்கினோம், ஒரு வாரம் வெளியே நிறுத்தினோம். இவ்வளவும் செய்த நாங்கள் அவனிடம் ஒரு தடவைகூட "இது எப்பிடிலே ஆரம்பிச்சுது?" என்று கேட்டதில்லை.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். எங்கள் பள்ளிக்கு ஆறு ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். எந்த ஊர், எந்தச் சாதி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் பிள்ளைகளை அடையாளம் காட்டிவிடும். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 12ஆம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, அதே பள்ளியில் படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அந்தச் செய்தியில் என்னை இன்றுவரை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறான். நடந்ததைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் அந்தத் தாக்குதல் நடந்தது. பெரியவர்களிடம் சொல் என்றுதான் நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பையன் சொன்னான்.

மறுவாரம் எங்கள் பள்ளியில் நாங்களும் எல்லோரையும் போல எல்லாம் செய்தோம். காலை வழிபாட்டில் உறுதிமொழி எடுக்க வைத்தோம். காவல் ஆய்வாளர் வந்து அரைமணி நேரம் பேசினார். கேட்டில் கத்தரிக்கோலோடு நான் நின்றேன். கையில் கலர் கயிறு கட்டி வருகிறவனை நிறுத்தி அறுப்பது என் பொறுப்பு. இது புதிய யோசனையும் இல்லை. கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி பார்க்கிறார்கள், தடுக்க வேண்டும் என்று 2019லேயே பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே கிடப்பில் போனது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் கயிறு தொடர்பான மோதலில் ஒரு 12ஆம் வகுப்புப் பையன் செத்தே போனான். ஆகவே அறுப்பது சரிதான் என்று முழுமனதாக நம்பித்தான் நின்றேன்.

மூன்றாம் நாள் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனின் கயிற்றை அறுத்தேன். நிறம் மங்கிப்போன கயிறு. அவன் கையை இழுக்கவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்தான், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், போய்விட்டான். மதியம் அவன் வகுப்பாசிரியை வந்து சொன்னார்: "சார், அது அவனுக்குக் காய்ச்சல் கண்டப்ப அவங்க ஆச்சி மந்திரிச்சுக் கட்டினது. அந்த ஆச்சி போன மாசம் தவறிட்டாங்க." அன்று சாயங்காலம் அவனைத் தேடிப்போய்ப் பேசினேன். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற பெரிய பையன் சிரித்துக்கொண்டே, "சார், எவன் எவன்கிட்ட கேட்டுக் கயிறு கட்டுதான்னு எங்களுக்குத் தெரியும். நீங்க எங்ககிட்ட கேக்கல. எல்லாவனுக்கும் அறுத்துட்டிய" என்றான். இரண்டு வாரம் கழித்து, முதலில் எழுதிய வாக்கியத்தைச் சொன்னதும் இவன்தான்.

அதன்பிறகுதான் கேட்பது என்று முடிவெடுத்தேன். முதல் முயற்சி உருப்படவில்லை. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் லீடரை வரச் சொல்லி உட்கார வைத்தேன். எல்லாம் முன் பெஞ்சுப் பிள்ளைகள், நன்றாகப் படிப்பவர்கள், எனக்குப் பிடித்தவர்கள். "ஒற்றுமையா இருக்கணும் சார்", "யோகா வைக்கலாம் சார்" என்றார்கள். நான் கேட்க விரும்புகிறேன் என்று அவர்கள் நினைத்ததைச் சொன்னார்கள். பாவம், சண்டை நடக்கிற இடத்தில் அவர்கள் இருப்பதே இல்லை.

இரண்டாவது தடவை வேறு மாதிரி செய்தேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எல்லா வகுப்பிலும் துண்டுச்சீட்டு கொடுத்தேன். "சண்டை வந்தா யார் சொன்னா நிப்பாங்க? ரெண்டு பேரு எழுதுங்க. ஒங்க பேரு வேண்டாம்." அவ்வளவுதான். வந்த பெயர்களைப் பார்த்தால் லீடர் ஒருவன்கூட இல்லை. கபடிக்குக் கோடு போடுகிற பையன், மதியம் எல்லோருடைய தூக்கிலிருந்தும் குழம்பு வாங்கித் தின்கிற பையன், பதினொன்றாம் வகுப்பில் சத்தமாகச் சண்டை போடுகிற ஒரு பெண், பிறகு நாங்கள் எழுதி வாங்கியிருந்த இரண்டு பையன்கள், ஆளுக்கு ஒரு தரப்பு. பதினான்கு பேர். தலைமையாசிரியருக்கு இந்தப் பட்டியல் பிடிக்கவில்லை. "அடிக்கிறவனுக்கே பதவி குடுத்த மாதிரி ஆயிரும் சார்" என்றார். அவர் பயம் நியாயமானது. பதவி, பேட்ஜ், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து பேசுவோம், அவ்வளவுதான் என்று சொல்லிச் சம்மதம் வாங்கினேன். இப்போது நினைத்தால், பேட்ஜ் கொடுக்காததுதான் எங்களைக் காப்பாற்றியது.

எனக்குத் தெரிந்தது வரைபடம். அதையே எடுத்தேன். நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி, பள்ளி, சுற்றுச்சுவர், பஸ் ஸ்டாப், டீக்கடை, வாய்க்கால் பாலம், ஆறு ஊருக்கும் போகிற ரோடு எல்லாம் வரையச் சொன்னேன். குறி வைக்க என்ன செய்வது என்று யோசித்தபோது பெண்பிள்ளைகள் ஸ்டிக்கர் பொட்டு அட்டை கொண்டுவந்தார்கள். சிவப்புப் பொட்டு, அடி விழுந்த இடம். கறுப்புப் பொட்டு, ஒருத்தன் ஒருத்தனைக் கேவலமாகப் பேசிய இடம். பச்சைப் பொட்டு, சண்டை வரவேண்டியது வராமல் போன இடம். யார், எவர் என்ற பேச்சே கூடாது. இடமும் நேரமும் மட்டும்.

ஒருமணி நேரம் ஆனது. முதலில் யாரும் ஒட்டவில்லை. பிறகு அந்தக் குழம்புப் பையன் எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தான். அதற்குப் பிறகு கைகள் ஒன்றுக்கொன்று முட்டின. முடிந்தபோது தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரே கறுப்பு. 4.20 பஸ்ஸின் பின்படியில் சிவப்பு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தது. நாங்கள் கேமரா மாட்டியிருந்த வராண்டாவில் ஒரு பொட்டுகூட இல்லை.

தண்ணீர்த் தொட்டியில் ஆறு குழாய், வேலை செய்தது இரண்டு. இடைவேளை பத்து நிமிடம். "இதுக்கும் சாதிக்கும் என்னல சம்பந்தம்?" என்று கேட்டேன். கபடிப் பையன் பொறுமையாக விளக்கினான்: "மொதல்ல இடிப்பான் சார். இடிச்சவன் திரும்பிப் பாத்து 'யார்லே நீ'ன்னு கேப்பான். அந்தக் கேள்வியிலதான் சார் எல்லாம் வருது." பத்தொன்பது வருடம் ஆசிரியராக இருந்து, மூன்று பயிற்சி முகாமுக்குப் போய் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது.

அந்த வாரமே பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, பிளம்பரைக் கூட்டிவந்து ஆறு குழாயையும் சரிசெய்தோம். இதைப் படிக்கிற ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்: பிள்ளைகளிடம் கேட்டீர்கள் என்றால், அவர்கள் சொன்னதில் ஏதாவது ஒன்றைப் பத்து நாளுக்குள் செய்துவிடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம். குழாயில் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் வெள்ளிக்கிழமைகளில் உண்மையான பேச்சே தொடங்கியது.

இந்த வரைபட வேலைக்கு ஒரு முன்னோடி இருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்தில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் போலீசுக்குப் போவதே இல்லை என்று கவனித்திருக்கிறார். எங்கே அடிபட்டது, எப்போது என்பதை மட்டும் பெயரில்லாமல் எழுதி வாங்கி, நகராட்சிக்கும் போலீசுக்கும் கொடுக்கத் தொடங்கினார். 2011இல் வந்த ஆய்வில், ஒப்பிட்டுப் பார்த்த மற்ற நகரங்களைவிட அங்கே வன்முறையால் ஆஸ்பத்திரியில் சேர்வது 42 சதவீதம் குறைந்திருந்தது தெரியவந்தது. அங்கே ஆஸ்பத்திரிச் சீட்டு. எங்களுக்குப் பொட்டு.

பஸ் விஷயம் குழாய் போல எளிதில் முடியவில்லை. 4.20க்கு வருகிற ஒரே பஸ்ஸில் மூன்று ஊர்ப் பிள்ளைகள் ஏறியாக வேண்டும். யார் முதலில் ஏறுவது, யார் பின்சீட்டில் உட்காருவது, யார் ஊர் வரும்போது யார் பாட்டுப் போடுவது, ஒவ்வொன்றும் தகராறு. பிள்ளைகளே மனு எழுதினார்கள். எத்தனை பாஸ், எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, இரண்டு தரப்புப் பையன்களும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டெப்போவுக்கு மூன்று தடவை போனோம். இரண்டரை மாதம் கழித்து, பக்கத்து வழித்தடத்தில் ஓடிய ஒரு பஸ்ஸைக் கால்மணி நேரம் தள்ளி எங்கள் ஸ்டாப் வழியாக விட்டார்கள். புதிய பஸ் கேட்டோம், கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பஸ்ஸில் அடைந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அது வருகிறவரை மாலையில் ஒரு ஊர்ப் பிள்ளைகளைக் கால்மணி நேரம் முன்னால் விட்டோம். அந்த யோசனையும் அவர்களுடையதுதான்.

பெண்பிள்ளைகளோடு தனியாக உட்கார வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை. அந்தச் சத்தக்காரப் பெண்தான் கேட்டாள். ஒரு சனிக்கிழமை, வேதியியல் ஆசிரியையும் நானும், ஆறு பெண்கள். அன்று கேட்டதை முழுவதும் எழுத முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் பாதிச் சண்டைக்குப் பையன்கள் சொல்கிற காரணம், "எங்க ஊர்ப் பொண்ணுகிட்டப் பேசினான்" என்பது. அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "நான் அவன்கிட்ட ரெக்கார்டு நோட்டு கேட்டேன் சார். அவ்ளோதான். அதுக்கு ரெண்டு ஊர்ல ஆளு தெரண்டு, எங்கப்பா என்னை ஒரு வாரம் ஸ்கூலுக்கு விடல. அடிச்சவனும் வந்துட்டான், அடி வாங்குனவனும் வந்துட்டான். நாந்தான் வீட்ல இருந்தேன்." அடுத்த வெள்ளிக்கிழமை இதை அவளே பையன்கள் முன்னால் சொன்னாள். "எங்க பேரச் சொல்லி யாரும் சண்ட போடாதீங்க. எங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க சொல்லுவோம்." ஒருத்தனும் தலைநிமிரவில்லை. நான் பேசியிருந்தால் காதில் ஏறியிருக்காது.

அவர்கள் எங்களிடமும் கேள்வி வைத்தார்கள். உதவித்தொகைப் படிவம் கொடுக்கும்போது வகுப்பில் நின்று, "எஸ்.சி. பிள்ளைங்க எந்திரிங்க, எம்.பி.சி. எந்திரிங்க" என்று யார் சொல்கிறார்கள்? நாங்கள்தான். நானே சொல்லியிருக்கிறேன். ஆண்டுக்கணக்காக. ஜூன் மாதம் புது வகுப்பில் யார் என்ன சாதி என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் இருக்கும், ஆகஸ்டில் நாங்கள் எழுப்பி நிறுத்திக் காட்டிவிடுவோம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் அது தனியாக, அலுவலகத்தில் நடக்கிறது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. உதவித்தொகை விவரத்தை மற்றவர்களுக்குத் தெரியாமல் கையாள வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சில பக்கங்களைப் படித்துக்காட்டினேன். கயிறு, நெற்றிப்பொட்டு, சாதி நிறம் பூசிய சைக்கிள் எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லும் இடம் வந்தபோது கபடிப் பையன் சொன்னான்: "தடுக்கட்டும் சார். ஆனா கயித்த அறுத்தா பனியன்ல வரும். பனியனைத் தடுத்தா போன் வால்பேப்பர்ல வரும். அவன் ஏன் கட்டுதான்னு கேக்க ஒரு ஆளு வேணும்லா." எனக்கு அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் முழு உடன்பாடு உண்டு. இவன் சொன்னதிலும் உண்டு.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமான பகுதி.

2023 நவம்பரில் குழுவில் இருந்த ஒரு பையன் தனியாக வந்து, இன்ன இடத்தில் ஓர் அரிவாளை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றான். நான் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அது போலீசுக்குப் போனது. சொல்லியிருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆயுதம் என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. தவறு வேறு இடத்தில். மறுநாள் காலை பத்தரை மணிக்கு, வகுப்பு நடக்கும்போது, சீருடைக் காவலர் இருவர் வந்து அந்தப் பையனைப் பெயர் சொல்லி வெளியே அழைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். யார் சொன்னது என்று பள்ளி முழுவதற்கும் தெரிந்துபோனது. நான் யாரிடமும், "பையன் பெயர் வெளியே வரக்கூடாது" என்று அழுத்திச் சொல்லவில்லை. அது தானாக நடக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் வாய்க்கால் பாலத்தில் அவனை அடித்தார்கள். முன்பல் ஒன்று போனது. மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் அம்மா என்னை உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், பிறகு, "ஒங்கள நம்பித்தான சார் சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு என்ன பதில் இருக்கிறது.

நாங்குநேரிச் செய்தியைப் படித்து உறுத்தியது என்று மேலே எழுதினேனே, அதையேதான் நானும் செய்திருந்தேன். ஒரு மாதம் வெள்ளிக்கிழமை சைக்கிள் ஸ்டாண்டுக்கு யாரும் வரவில்லை. நான் மட்டும் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். பிறகு அந்தப் பையனே மறுபடி வந்தான், கூடவே மற்றவர்களும். எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று ஒரு விதி வைத்தோம். இளைஞர்களோடு வேலை செய்ய நினைக்கிற யாரும் முதல் நாளே வைக்க வேண்டிய விதி அது, நான் மூன்றாம் மாதம் வைத்தேன். ஆயுதம், பாலியல் தொல்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு, இந்த மூன்றையும் என்னால் என்னோடு வைத்துக்கொள்ள முடியாது, மேலே சொல்லியே ஆகவேண்டும். யாரிடம் சொல்லப்போகிறேன், எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதைச் சொன்ன பிள்ளையிடம் முதலில் சொல்வேன். மற்ற எதுவும் இங்கேயே இருக்கும். தகவல் சொல்கிறவன் வேலையை அவர்களுக்குக் கொடுக்கவே மாட்டேன். யாரிடமும் சொல்ல முடியாத நிலை வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டையும் எல்லோர் நோட்டிலும் எழுத வைத்தேன். தன் பெயர் தெரியாமல் பேச ஒரு வழி பிள்ளைக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டதை இந்த மாவட்டமும் தூத்துக்குடியும் மறக்காது. எங்கள் பையன்கள் தரப்புப் பார்க்காமல் பால் பாக்கெட்டும் அரிசியும் சுமந்தார்கள். ஒருத்தன் வீட்டுப் பாத்திரத்தில் இன்னொருத்தன் சோறு அள்ளித் தின்றதை நான் கண்ணால் பார்த்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மனதார நம்பினேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம்தான். ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பழைய கதை திரும்பியது. வெள்ளத்தில் வந்த பாசம் பொய்யில்லை. ஆனால் 4.20 பஸ்ஸுக்கு அது மட்டும் போதாது.

ஸ்டேட்டஸ் விஷயத்தில் அவர்கள் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். சண்டை போடுகிறவனில் பெரும்பாலானவனுக்குச் சண்டை போட ஆசை இல்லை. விலகினால் பயந்துட்டான் என்பார்கள், அதுதான் பயம். மானம் போகாமல் விலக ஒரு சாக்கு வேண்டும். முன்பெல்லாம் நாங்கள் மேடையில் இருவரையும் நிறுத்திக் கைகொடுக்க வைப்போம். "அப்பிடிச் செஞ்சா அன்னைக்குச் சாயங்காலமே அடி உறுதி சார்" என்றார்கள். அவர்கள் சொன்ன வழி வேறு. யாருக்காவது நெருக்கடி என்றால் குழுவில் ஒருவன் எனக்கு மிஸ்டு கால் கொடுப்பான். நான் அந்தப் பையனுக்குப் போன் போட்டு, சத்தமாக, "ஏல, மேப் தப்பா வரைஞ்சிருக்க, இப்பவே வந்து திருத்து" என்பேன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சார் கூப்பிடுதாரு, உயிர வாங்குதாரு" என்று கிளம்பி வந்துவிடலாம். கோழை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் ஆண்டில் பதினொரு முறை அப்படி அழைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் கொடைத் திருவிழா நடுவிலிருந்து ஒருத்தன் வியர்த்து வழிந்து வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நிஜமாகவே மேப் வரைந்தான்.

இடத்துக்கு வரைபடம் போட்ட மாதிரி நாளுக்கும் ஒன்று போட்டார்கள். ஆறு ஊரின் கொடை நாட்கள், செப்டம்பர், அக்டோபரில் வருகிற தலைவர்கள் நினைவு நாட்கள், கபடிப் போட்டிகள், செய்முறைத் தேர்வு முடிகிற நாள். அந்த நாட்களுக்கு முன் வருகிற மூன்று நாள்தான் முக்கியம் என்றார்கள். அப்போது ஊரில் இருபது, இருபத்தைந்து வயது அண்ணன்மார் பள்ளிப் பையன்களை அழைத்துப் பேசுவார்கள். "ஒனக்குப் பதினெட்டு ஆகல, ஒன்ன ஒண்ணும் செய்ய முடியாது" என்பது அவர்கள் வாடிக்கையாகச் சொல்வது. பிள்ளைகள் கேட்டதால் ஒரு வழக்கறிஞரை அழைத்துவந்தோம். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால் இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்ப முடியும் என்று அவர் விளக்கினார். சட்டத்தைவிட அவர் கடைசியாகச் சொன்னதுதான் பையன்களை உலுக்கியது. தான் வழக்கு நடத்திய பையன்களைப் பார்க்க, அனுப்பிவிட்ட அண்ணன் ஒருவன்கூட வந்ததில்லையாம்.

இவ்வளவும் செய்ததால் எங்கள் பள்ளியில் சண்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். போன வருடமும் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பொதுத்தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புப் பையனை இறக்கி வெட்டி, விரல்கள் துண்டான செய்தி வந்தது. கபடிப் போட்டியில் வந்த பகை என்றார்கள். எங்கள் பிள்ளைகள் அன்று ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்கள். பஸ்ஸும் கபடியும் அவர்கள் பொட்டு வைத்த இடங்கள். ஒருத்தி கேட்டாள்: "அந்த ஊர்லயும் யாருக்காவது மூணு நாளைக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கும்லா சார்?"

நாங்குநேரிப் பையன் 2024இல் பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினான். அதைச் சொன்னபோது எங்கள் வெள்ளிக்கிழமைக் குழுவில் இரு தரப்பும் கை தட்டியது. ஒருத்தன் மட்டும் தட்டவில்லை. அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வெள்ளியும் வந்தான், இப்போதும் வருகிறான்.

முதல் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் பள்ளி முடித்துப் போய்விட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் என்னிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னவன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான், கொடைக்கு ஊருக்கு வந்தால் சின்னப் பையன்களைக் கூட்டிவைத்துப் பேசுகிறானாம். வழக்கம்போல ஒவ்வொரு ஜூனிலும் புதுச் சீட்டு, புதுப் பெயர்கள், புது சார்ட் பேப்பர். பழைய வரைபடத்தைக் காட்டுவதில்லை, அவர்களே முதலிலிருந்து வரைய வேண்டும்.

இந்த ஆண்டு வரைந்தபோது தண்ணீர்த் தொட்டியில் இரண்டு கறுப்பும் மூன்று பச்சையும். பஸ்ஸில் இன்னும் சிவப்பு உண்டு, ஆனால் எண்ணிவிடலாம். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பொட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "என்னம்மா தேடுற?" என்றேன்.

"இன்ஸ்டாகிராம் எங்க சார் இருக்கு இதுல?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அவளே சார்ட்டின் ஓரத்தில், ஆறு ஊருக்கும் வெளியே, ஒரு போன் படம் வரைந்தாள். அதற்குள் சிவப்பை ஒட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் வந்து சொல்லச் சொல்ல ஒட்டினாள். படம் மறைந்துபோனது, அட்டையும் காலியானது.

"நாளைக்கு இன்னும் ரெண்டு அட்டை வாங்கிட்டு வாரேன் சார்" என்றாள். பிள்ளைகள் சார்ட்டைச் சுருட்டாமல் அப்படியே தரையில் விட்டுவிட்டு, காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள்.